கையுறை கேட்ட செண்பகவடிவு அம்மையார்

திருமருதங்கரையில் ரத வீதிக் குப்பையை அள்ளி வந்தவர் செண்பகவடிவு அம்மையார். கோயிலில் கழிக்கும் பழைய மாலைகளும் அந்த வீதித் தொட்டியில்தான் விழும். இறைவன் தோளில் கிடந்த பூ, அழுகிய மீனோடும் குழந்தைகளின் மலத்துணியோடும் லாரியில் போவதை அவரால் தாங்க முடிந்ததில்லை. மாலைகளை மட்டும் கையால் பொறுக்கி, ஆற்றங்கரை வில்வ மரத்தடியில் கொண்டு சேர்ப்பார். அவர் அறிந்த பூசை அதுவே.

கையால் என்றால் வெறுங்கையால். கையுறைகள் இல்லாமலில்லை, மேஸ்திரி கனகராசுவின் தகரக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன. அதிகாரிகள் வந்து படம் பிடிக்கும் நாளில் மட்டும் தொழிலாளர்கள் கையில் மாட்டிவிடுவான். அவர்கள் ஜீப் நகர்ந்ததும் கழற்றி வாங்கிக்கொள்வான்.

ஒரு நாள் பூமாலைச் சுருளுக்குள் கிடந்த, கிளினிக்காரன் வீசியெறிந்த ஊசி அம்மையாரின் உள்ளங்கையில் ஏறியது. எவர் உடம்பில் குத்திய ஊசியோ. ரத்தம் சொட்டக் கொட்டகைக்குப் போனார்.

"வேலையில பட்ட காயம்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி. எங்க எல்லாருக்கும் கிளவுஸும் குடுங்க."

கனகராசு சிரித்தான். "குப்பை அள்ளத்தான் ஒனக்குச் சம்பளம். பூப் பொறுக்கச் சொன்னது யாரு, சிவபெருமானா? அப்ப அவருகிட்டயே கிளவுஸ் கேளு, தாயி."

பக்தியையே குற்றமாக்கிய வாய் அது. கூட நின்றவர்கள் தலை குனிந்தார்கள். போன வருடம் கண்ணாடி கிழித்து விரலை இழந்த முப்பிடாதியும் அவர்களில் ஒருவர். அம்மையார் குனியவில்லை. தாமே பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் மருந்து போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் கோபுர வாசலில் நின்றார்.

"கேட்டீரா அவன் பேச்ச? இந்தக் கையை நம்பித்தான் நான் பொழைக்கேன். உம்ம பூவ எடுத்த கை இது. ஒரு நியாயம் சொல்லும்."

அவர் அழவில்லை, அதட்டினார்.

மறுநாள் காலை குருக்கள் கை வைத்தபோது, இறைவன் தோளிலிருந்து பழைய மாலை இறங்க மறுத்தது. இழுத்தார், நார்கூட அறவில்லை. அபிஷேகம் நின்றது. அப்போது கருவறைக்குள் ஒரு குரல் எழுந்தது: "என் மாலையைத் தினமும் ஏந்துகிறவளைக் கூப்பிடு. அவள் கையில்தான் தருவேன்."

தேடி அழைத்து வந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு அம்மையார் கருவறை வாசலில் நின்றார்.

"எடுத்துக்கோங்கோம்மா" என்றார் குருக்கள்.

"வெறுங்கையால தொட மாட்டேன், சாமி. எங்க ஆளுக அத்தன பேருக்கும் கிளவுஸ் வரட்டும். அதுவரைக்கும் அவரு பழைய மாலையோடயே இருக்கட்டும்."

கூட்டம் கொதித்தது. "சாமியவே காக்க வைக்காளே, இவளுக்கு எம்புட்டுத் திமிரு?" என்றார் ஒருவர்.

"காத்திருக்கிறேன்" என்றது உள்ளிருந்த குரல்.

ஊரே கொட்டகைக்கு ஓடியது. கனகராசு சாவியைத் தேடுவதற்குள் பூட்டை உடைத்துவிட்டார்கள். முப்பிடாதி தொடங்கி அனைவரும் மாட்டிக்கொண்ட பிறகே அம்மையார் தமக்கு மாட்டிக்கொண்டார். கைகளை ஏந்தினார். எவரும் தொடாமலே மாலை தோளிலிருந்து நழுவி, அந்த ரப்பர் உள்ளங்கைகளில் வந்து அமர்ந்தது.

தம் கூட்டத்தாருக்காகக் கடவுளிடமே கோபித்துக்கொண்டு, அந்தக் கோபத்தாலேயே அவரைப் பூசித்த செண்பகவடிவு அம்மையார் வாழ்க.