நாவலுக்கு டைம் போட்ட கோமதிநாயகம்

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் கோமதிநாயகம் அண்ணாச்சி நாவல் எழுதப் போறேன்னு சொன்னதைக்கூட ஜனங்க பொறுத்துக்கிட்டாங்க. அதுக்குக் கெடு வச்சதுதான் வினையாப் போச்சு. ஆடி மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அந்த நேரம் தவறினா, இருபத்தெட்டு வருஷமா கழுத்துல தொங்குற பித்தளை விசிலைக் கழட்டி டிரைவர் சூசைமாணிக்கத்துகிட்ட குடுத்துடறதா நாலு பேர் முன்னால சொல்லிட்டார்.

சூசைக்கு அந்த விசில் மேல ரொம்ப நாளாக் கண்ணு. அதை ஊதித்தான் அண்ணாச்சி அவரைப் பாதி டீயில எழுப்பி விரட்டுவார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. சூசைக்கு வண்டி நாலு பத்துக்கு. சரியா நாலு மணிக்கு டைம் ஆபீஸ் ஜன்னல்கிட்ட போய் நின்னார். மேஜைமேல ஒரு தாளைக்கூடக் காணோம்.

"நாவல் எங்க அண்ணாச்சி?"

"அது முடிஞ்சிட்டு வே. உக்காரும்."

பஸ்ஸுக்குப் போடற மாதிரியே அத்தியாயத்துக்கும் டைம் போட்டாராம். முதல் அத்தியாயம் காலையில அஞ்சு பத்து. ஆள் ஏறினாலும் ஏறாட்டாலும் எடுத்துடணும்.

"கதாநாயகி தலையில பூ வைக்க நின்னுட்டா. அதுக்காக வண்டி நிக்குமா? விசில் குடுத்துட்டேன். பாவம், மூணாம் அத்தியாயத்துலதான் வந்து ஏறுனா."

கொய்யாப்பழக் கூடையோட நின்ன ஆவுடையம்மா, "அதுவரைக்கும் கதாநாயகன் யாரைக் காதலிச்சான்?"ன்னா.

"கண்டக்டர்கிட்ட சில்லறை கேட்டுக்கிட்டு இருந்தான்."

ஏழாம் அத்தியாயத்துல கல்யாணம். நானூறு பேர். தாள்ல உக்கார இடமில்லாம பாதிப் பேரை வரிக்கு நடுவுல நிக்க வச்சாராம். வில்லன் மட்டும் தாளோட ஓரத்துல தொங்கிக்கிட்டே வந்தானாம்.

"ஓரம் கிழிஞ்சு போச்சு. உள்ள ஏறுலேன்னு ஒரு சத்தம் போட்டேன். அன்னைக்குத் திருந்துனவன்தான்."

சூசை ஜன்னல் கம்பியைப் பிடிச்சபடி கேட்டுக்கிட்டே இருந்தார்.

"பத்தாம் அத்தியாயத்துல வேகம் கூடிப் பேனா சூடாயிட்டு. தண்ணி ஊத்துனேன். ஆவி கிளம்பி மழை பெஞ்சுது. கதையில வர்ற மழை அதுதான். பன்னெண்டாம் அத்தியாயத்துல நாவல் என் கையையே முந்திட்டு. நான் இங்க எழுதுதேன், அது ராஜபாளையத்துல நிக்கி. ஆட்டோ பிடிச்சுப் போயித்தான் முற்றும் போட்டேன்."

"எப்ப முடிஞ்சுது அண்ணாச்சி?"

"நாலு மணிக்கான்னு கேக்கேரா? நேத்து காலையில ஒம்பதுக்கே. முப்பத்தோரு மணி நேரம் முந்தி. இப்ப பைண்டிங்குல நிக்கி, அட்டை மாட்டுதான்."

சூசை சட்டைப் பையிலிருந்து நாலா மடிச்ச ஒரு காகிதத்தை எடுத்தார். போன மாசம் வண்டியை நாலு நிமிஷம் முன்னாடி கொண்டுவந்ததுக்கு அண்ணாச்சி அவருக்கு எழுதின மெமோ. எழுத்துக் கூட்டி வாசிச்சார்.

"குறித்த நேரத்துக்கு முந்தி வருவதும் நேரம் தவறியதே ஆகும். இப்படிக்கு, சோ. கோமதிநாயகம்."

அண்ணாச்சி காகிதத்தை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். கையெழுத்து அவரோடதுதான்.

"நாலு நிமிஷத்துக்கு எனக்கு மெமோ அண்ணாச்சி"ன்னார் சூசை. கையை நீட்டினார்.

விசில் கயிறு தலையைத் தாண்டி வர ரெண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

நாலு பத்துக்கு அண்ணாச்சி வெளிய வந்து, ரெண்டு கையையும் ஓங்கித் தட்டினார். சூசை டீக்கடை பெஞ்சுல உக்காந்து கிளாஸை ஊதிக்கிட்டே இருந்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல.

"நான் கை தட்டினா தென்காசியில வண்டி கிளம்பும்"னார் அண்ணாச்சி.

"அதான் இங்க ஒண்ணும் கிளம்பல"ன்னு சொல்லிட்டு ஆவுடையம்மா கூடையைத் தூக்கிக்கிட்டா.