பொத்தான் வைத்த தோல்பை

வண்டிக்காரன் சடையனையும் அவன் காளையையும் புலி அடித்துவிட்டதாக ஜமீன்தார் ஊரை நம்பச் சொன்னார். பிணத்தை யாரும் பார்ப்பதற்குள் அவர் ஆட்களே இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். செத்த காளையை மட்டும் சடையன் பெண்டாட்டி வெள்ளச்சியின் வாசலில் இழுத்துப் போட்டார்கள்.

அவள் கிழிந்த பைகளைப் பிரித்துப் பார்த்தே தோல்வேலை கற்றுக்கொண்டவள்.

"அடுத்த மாதம் வெள்ளைக்காரத் துரை இந்தச் சாவை விசாரிக்க வருகிறார்" என்றார் ஜமீன்தார். "இந்தத் தோலில் பை தைத்து உன் கையாலேயே கொடு. ஊர் வாய் அடங்கும். கழுத்தில் புலிப்பல் பட்ட ஓட்டை இருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எறியக் கூடாது, ஒட்டும் போடக் கூடாது, எதையோ மறைத்ததாகத் துரைக்குச் சந்தேகம் வரும். ஓட்டை கண்ணில் பட்டால் உன் விரல் பத்தும் உனக்கில்லை."

"சரிங்க எசமான்" என்றாள் வெள்ளச்சி.

துரை வந்த அன்று பையைக் கொண்டுவந்தாள். ஜமீன்தார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையைக் காணோம். சிரித்துக்கொண்டே துரையிடம் நீட்டினார்.

துரை பொத்தானைக் கழற்றினார். அது நசுங்கிய துப்பாக்கிக் குண்டு.

"இது என்ன?"

"எசமான் சொன்ன புலிப்பல்லுங்க தொரை. காளையை உரிக்கையில கழுத்தெலும்புல சிக்கிக் கெடந்துச்சு. ஓட்டையை மறைக்கச் சொன்னாங்க. அந்தப் பல்லையே பொத்தானாக்கி ஓட்டையில மாட்டிட்டேன்."

ஜமீன்தாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்கு ஜோடிப் பல்லு எம் புருசனோட மண்ணுக்குள்ள இருக்குதுங்க" என்றாள் வெள்ளச்சி. "தோண்ட வேண்டிய எடத்தை நான் காட்டுறேன்."