ஆண்டவர் பதில் சொல்லாத வாரம்

"இன்னும் ஒண்ணும் சொல்லலை, சிஸ்டர்," என்றார் சவரிநாயகம்.

"யாரு?"

"ஆண்டவர்தான். வேற யாரு?"

சிஸ்டர் தெக்லா தலையை நிமிர்த்தவில்லை. தியான இல்லத்துக் கொல்லையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து அதற்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

சவரிநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. திங்கட்கிழமையிலிருந்து இங்கேயே கிடக்கிறார். உபவாசம் இருந்தாயிற்று. முழங்கால் போட்டுப் போட்டு முட்டி வீங்கிவிட்டது. தன்னைவிட வயதில் சின்னவரான இந்தச் சிஸ்டரிடம் வழி கேட்டு வந்தால், "ஜெபம் பண்ணுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இன்றைக்குப் பகல் கோர்ட்டில் கேஸ்.

கல் குவாரிக்கு எதிரே அவருடைய டீக்கடை. ஒரு விடியற்காலையில், குவாரி லாரி சைக்கிளில் வந்த ஒருவரை அடித்துப் போட்டது. அந்த ஆள் அங்கேயே இறந்துபோனார். லாரியை ஓட்டியது குவாரி முதலாளியின் மகன். சவரிநாயகம் அடுப்பருகே நின்று பார்த்தார்.

போலீஸ் பிடித்துக்கொண்டு போனது டிரைவர் முத்தையாவை. அவன் அன்றைக்கு லாரியில் ஏறவே இல்லை.

முத்தையாவின் வக்கீல் சவரிநாயகத்தைச் சாட்சியாகப் போட்டுவிட்டார். சம்மன் வீடு தேடி வந்தது.

கடைக்கு வருவதெல்லாம் குவாரி ஆட்கள். கடை நிற்கிற இடமே முதலாளியுடையது.

"கண்ணை மூடிக்கிட்டு வேதத்தைத் திறந்து பார்த்தேன்," என்றார்.

"என்ன வந்தது?"

"பொய்ச்சாட்சியைப் பத்தி வந்தது."

"அப்புறம்?"

"தற்செயலா இருக்கும்னு மறுபடி திறந்தேன்."

சிஸ்டர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வம்ச வரலாறு வந்தது. அப்பன் பேரு, மகன் பேரு, பேரன் பேரு. அதுல நான் என்னத்தைக் கண்டேன்? சரி, மழை பெஞ்சா கோர்ட்டுக்குப் போறேன்னு அடையாளம் கேட்டேன்."

"நேத்து பெஞ்சுதே."

"அது தூறல், சிஸ்டர்."

சிஸ்டர் ஸ்பானரைக் கீழே போட்டார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க," என்றார்.

சிற்றாலயத்தில் ஒருவரும் இல்லை. பீடத்துக்கு மேலே, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். அதற்கு முன்னால் அவரை நிறுத்தினார்.

"அன்னைக்குப் பார்த்ததை அவர்கிட்ட சொல்லுங்க."

"அவருக்குத் தெரியாததா?"

"சொல்லுங்க."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். லாரி வந்த வேகம். சைக்கிள் தூக்கி எறியப்பட்டது. கதவைத் திறந்து குதித்து ஓடிய முதலாளி மகன்.

"விடியக்காலம் இருட்டா இருந்திருக்குமே?" என்றார் சிஸ்டர்.

"கடை லைட்டு எரிஞ்சுது. வெளிச்சத்துலதான் இறங்கினான்."

"பதற்றத்துல ஆள் மாறித் தெரிஞ்சிருக்கும்."

"எங்கிட்ட தினம் டீ குடிக்கிற பையன், சிஸ்டர். எனக்குத் தெரியாதா?"

"முத்தையாவும் கூட இருந்திருக்கலாம்."

"இல்லைன்னா இல்லை. அவன் என் கடை பெஞ்சுல உக்காந்து பன் தின்னுக்கிட்டிருந்தான்."

சவரிநாயகத்தின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. வேர்த்திருந்தது.

சிஸ்டர் காத்திருந்தார்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லை." சவரிநாயகம் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "நீங்களாவது சொல்லிருங்க. போகணுமா, வேண்டாமா? நீங்க சொன்னா அவர் சொன்ன மாதிரி."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"கடை போச்சுன்னா, சிஸ்டர் பேச்சைக் கேட்டேன், போச்சுன்னு சொல்லுவீங்க."

"அப்ப அவரு சொல்லட்டும்."

"அவரையும் அப்படித்தான் சொல்லுவீங்க."

சவரிநாயகம் சுரூபத்தைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு தன்னை வதைப்பதாகத் தோன்றியது.

"ஒரே ஒரு வார்த்தை," என்றார். "போ, இல்லை போகாதே. அவருக்கு அதுல என்ன கஷ்டம்?"

"அன்னைக்கு அவரும் பார்த்துக்கிட்டுத்தான இருந்தாரு?"

"ஆமா."

"அவருக்கு சம்மன் வரலை."

சொல்லிவிட்டு சிஸ்டர் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சவரிநாயகம் எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"எந்த ஊர் பஸ்?" என்றார் சிஸ்டர், குழாயைத் திருகியபடி.

"கோர்ட் இருக்கிற ஊருக்குத்தான்," என்றார் எரிச்சலோடு.