சம்பங்கிக்குப் பேறுகாலம்

முன்னொரு காலத்திலே, மேகம் இறங்கி வந்து வாசலில் படுத்துக் கிடக்கிற ஒரு மலைநாட்டை வில்லவராயன் என்கிற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். பொறுமை மட்டும் கிடையாது. பால் பொங்குவதற்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள்.

ஒரு தை மாதம் கீழ்நாட்டு ராஜா அவருக்கு ஒரு கூடை நிலச்சம்பங்கிக் கிழங்கு அனுப்பினார். இன்றைக்கே நட வேண்டும், ஆடிப்பெருக்குக்கு மகாராணி தலையில் அந்தப் பூ இருக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. இது வெயிலுக்குப் பிறந்த கிழங்கு, உறைபனி பட்டால் அழுகிவிடும் என்று தோட்டக்காரி நல்லக்காள் கெஞ்சித் தவணை வாங்கினாள். உமிக்குள் புதைத்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, பங்குனி வரைக்கும் காப்பாற்றினாள்.

சபையில் அனந்தப்பர் என்று ஒரு பெரிய மனிதர். காலையில் தன் கவிதையைக் கேட்காமல் ராஜா தோட்டத்துக்குப் போகிறாரே என்று அவருக்கு வயிறு எரிந்தது. கிழங்கெல்லாம் எப்போதோ செத்துப்போச்சு, அவள் ஏமாற்றுகிறாள் என்று ராஜா காதில் ஓதினார். ராஜாவும், ஆடிப்பெருக்குக்குப் பூ வராவிட்டால் நல்லக்காள் பிள்ளைகுட்டியோடு நாட்டைவிட்டே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பங்குனியில் முப்பது கிழங்கை நட்டாள். தொல்லை அப்புறம்தான் ஆரம்பம். வேர் விட்டதா என்று பார்க்க ராஜா தினமும் ஒரு கிழங்கைத் தோண்டுவார், திருப்பிப் பார்ப்பார், மறுபடி புதைப்பார். தோண்டினதெல்லாம் துவண்டது. பதினொன்றுதான் மிச்சம். தோண்டாதீர்கள் என்று ராஜாவிடம் யார் சொல்வது?

மறுநாள் ராஜா வந்தால், பாத்தியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி. வாசலில் வேப்பிலைக் கொத்து. நல்லக்காள் குறுக்கே நின்றாள்.

“உள்ளே பேறுகாலம், மகாராஜா.”

“யாருக்கு?”

“சம்பங்கிக்கு.”

முந்தின நாள் ராஜா தோண்டிய கிழங்கை அவள் எடுத்துக் காட்டினாள். அதன் இடுப்பில் சுண்டுவிரல் நுனியளவு குட்டிக் கிழங்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் பேறுகால வீட்டுக்குள் நாற்பது நாளைக்கு ஆண் காலடி படக்கூடாது. இளவரசர் பிறந்தபோது மகாராஜாவே வெளியில்தானே நின்றீர்கள் என்று அவள் பணிவாக நினைவூட்டினாள். ராஜா தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்.

அனந்தப்பருக்குத் தாங்கவில்லை. செத்த கிழங்கை எடுத்துவந்து சபையில் போட்டால்தான் தூக்கம் வரும். பத்து நாள் பொறுத்தார். அப்புறம் ஒரு விடியற்காலையில் மனைவியின் புடவையைச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு தட்டிக்குள் நுழைந்தார். பார்த்தால், வரிசையாகப் பச்சை முளை. பிடுங்கலாம் என்று குனிந்தார்.

“உள்ளே யாரது?” ராஜாவின் குரல். அவரும் இருப்புக்கொள்ளாமல் தட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அனந்தப்பர் குரலை மெலிதாக்கினார். “மருத்துவச்சிங்க.”

“அப்படியா, தாயே? கிழங்கு செத்துப்போச்சுன்னு எங்க அனந்தப்பர் சொல்றாரே?”

ஆமாம் என்றால் ராஜா உள்ளேயே வந்துவிடுவார். “இல்லீங்க. நல்லா இருக்கு. பதினொண்ணும் முளைச்சிருக்கு.”

அந்த நேரம் பார்த்து நல்லக்காள் வந்து தட்டிக் கதவைத் திறந்தாள். முக்காட்டுக்குக் கீழே முறுக்கு மீசை. ராஜா பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

“அனந்தப்பரே, ஆம்பளையா உள்ளே போயிருந்தா கசையடி. மருத்துவச்சியாப் போயிருந்தா வேலை. நீர் எப்படிப் போனீர்?”

அனந்தப்பர் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “மருத்துவச்சியா, மகாராஜா.”

“அப்ப பேறுகாலம் முடியுறவரைக்கும் வெளியே வராதீங்க, தாயே,” என்றாள் நல்லக்காள். “களை பிடுங்கணும். பொழுதுசாய கொஞ்சமாத் தண்ணி தெளிக்கணும். யாராவது தோண்ட வந்தா, அது யாரா இருந்தாலும், விரட்டணும்.”

ராஜா இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டு தடவையும் அனந்தப்பர் விரட்டிவிட்டார்.

ஆடிப்பெருக்கன்று மகாராணி கொண்டையில் வெள்ளைவெளேரென்று சம்பங்கி. சபையே மணத்தது. நல்லக்காளைக் கேட்காமல் தோட்டத்தில் ராஜாகூட மண்ணைத் தொடக்கூடாது என்று முரசு அறைந்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வேலை கிடக்கிறது என்று கிளம்பினாள்.

பிறகு ராஜா தாம்பாளத்தில் ஒரு பட்டுப்புடவை கொண்டுவரச் சொன்னார். மருத்துவச்சிக்குப் புடவை கொடுப்பதுதானே முறை?

அனந்தப்பர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ராஜாவும் ராணியும் எழுந்து போய், சபையும் கலைந்தது. மனைவி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே, புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி ஆளாக அவரும் நடந்து போனார்.