மீன்காரர் மூக்கும் முப்பத்தாறு கவிஞர்களும்

கேளுங்கள். நமக்கு முன்னால் சூரியன் எழுந்துவிடும் ஜப்பான் தேசத்தில், வெகு காலத்துக்கு முன்னால், கடலோரமாக ஒரு பிரபு ஆண்டுவந்தார். அவருக்குக் கவிதை என்றால் உயிர். எழுத வராது, அது வேறு விஷயம்.

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பெருங்கவிஞர்கள் முப்பத்தாறு பேரைப் பட்டுத்துணியில் வரைந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் அவருடைய பாட்டு ஒன்றை எழுதிவைப்பார்கள். முப்பத்தாறுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கவியரங்கம் நடக்கும் நாளில் அவர்களுக்குள் தலைமைக் கவிஞரின் படத்தை நடுச்சுவரில் மாட்டி, மதுவும் மீனும் படைத்து, மூன்று முறை கும்பிட்ட பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம்.

பிரபுவுக்கும் அப்படி முப்பத்தாறு படங்கள் வேண்டியிருந்தன. கனேயோஷி என்ற ஓவியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"முகங்கள் அசலாக இருக்க வேண்டும்," என்றார் பிரபு. "இந்தக் காரியத்தில் யார் பொய் சொன்னாலும் வலது கட்டைவிரல் போய்விடும்."

கட்டைவிரல் போனால் தூரிகையை எப்படிப் பிடிப்பது? கனேயோஷி தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

"பிரபுவே, அவர்கள் இறந்து முந்நூறு வருஷம் ஆகிறது. ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது."

பிரபுவின் அரண்மனையில் மூன்று பண்டிதர்கள் இருந்தார்கள். பெரிய பண்டிதர், நடுப் பண்டிதர், சின்னப் பண்டிதர். தெரியாது என்ற வார்த்தை அந்த மூவருக்கும் தெரியாது.

"எங்களுக்குத் தெரியும்," என்றார் பெரியவர். "அந்தக் கவிஞர்கள் எங்கள் மூதாதையர்கள்."

"என் மூதாதையர்களும்கூட," என்றார் நடுப் பண்டிதர்.

"எனக்கு இன்னும் நெருக்கம்," என்றார் சின்னவர்.

"அப்படியானால் இவர் வரைந்து கொண்டுவரட்டும். சரியா தப்பா என்று நீங்கள் மூவரும் சொல்லுங்கள்," என்றார் பிரபு.

கனேயோஷி வீட்டுக்குப் போய் வரைய உட்கார்ந்தார். முதல் மூன்று முகங்கள் நன்றாகவே வந்தன. நான்காவது முகம் முதல் முகத்தைப் போல இருந்தது. ஐந்தாவது இரண்டாவதைப் போல இருந்தது. ஒன்பது முடித்ததும் அவர் மனைவி ஓகினு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, எல்லாரும் உங்க தம்பி மாதிரியே இருக்காங்க! இவங்க கவிஞர்களா, இல்லே ஒரே வயித்துப் பிள்ளைகளா?"

"மனசுக்குள் வேறு முகம் இல்லையே, என்ன செய்ய?"

"தெருவிலே எத்தனை முகம் சும்மா திரியுது. போய் எடுத்துக்கிட்டு வாங்க."

ஒன்பதையும் கிழித்துப் போட்டுவிட்டுக் கனேயோஷி தெருவுக்குப் போனார். குளியல் வீட்டில் பதினோரு முகங்கள் கிடைத்தன. படகுத்துறையில் பதினொன்று. சந்தையில் பதினான்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

தலைமைக் கவிஞருக்குத்தான் பொருத்தமான ஆள் அகப்படவில்லை. சந்தையில் பதினான்காவது முகமாக மீன்காரர் கோன்ஸோ கண்ணில் பட்டார். மீன் நல்லதா கெட்டதா என்று முகர்ந்து பார்க்கும்போது கோன்ஸோ தாடையைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, எங்கோ தொலைவில் பார்ப்பார். அச்சாகப் பாட்டுக்குச் சொல் தேடுகிறவர் மாதிரியே இருக்கும். அந்த முகத்தை அப்படியே வரைந்து, மீனுக்குப் பதில் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்துவிட்டார் கனேயோஷி.

படங்கள் அரண்மனைக்குப் போயின. "இந்த முகங்கள் சரி என்று நான் சொல்லவில்லை," என்று ஓவியர் மறுபடியும் சொன்னார். யார் கேட்டார்கள்?

பெரிய பண்டிதர் தலைமைக் கவிஞரின் படத்தைப் பார்த்துத் தன் மூக்கைத் தடவினார். "இதேதான்! எங்கள் பரம்பரை மூக்கு."

நடுப் பண்டிதர், "எங்கள் பரம்பரைக் காது," என்றார்.

சின்னப் பண்டிதருக்கு மீதி ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்து, "அந்தத் தாடை மரு எங்கள் வீட்டு மரு," என்றார்.

மற்ற முப்பத்தைந்து படங்களையும் இதே போல மூவரும் சொந்தம் கொண்டாடினார்கள். பிரபுவுக்குப் பரம சந்தோஷம்.

கவியரங்கத்து நாள் வந்தது. நடுச்சுவரில் தலைமைக் கவிஞர். சுற்றிலும் மற்றவர்கள். பிரபு பட்டாடை கட்டி மண்டியிட்டுக் கும்பிட்டார். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாம் முறை தலையை நிமிர்த்தியபோது, படத்துக்கு நேர் கீழே அதே மூக்கு, அதே காது, அதே மரு நின்றன. படைப்பதற்கு வந்த மீன் அரை ஆள் நீளம். சமையல்காரரால் தூக்க முடியாததால் கோன்ஸோவே கூடையோடு உள்ளே வந்திருந்தார்.

"சாமி, மீனை எங்கே வைக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்க, நாறிப்போயிடும்."

பிரபு படத்தைப் பார்த்தார். கோன்ஸோவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மோசடி!" என்று பெரிய பண்டிதர் குதித்தார். "மீன்காரனை வரைந்து நம்மைக் கும்பிட வைத்துவிட்டான். வெட்டுங்கள் விரலை!"

"இப்போதே வெட்டுங்கள்!" என்றார் நடுப் பண்டிதர்.

"இரண்டு கை விரலையும்!" என்றார் சின்னவர்.

"யாரு விரலை? என்னுதையா?" என்று கோன்ஸோ கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நான் மீன்தானே சாமி கொண்டாந்தேன்!"

சபை ஓரத்தில் இருந்த கனேயோஷி முன்னால் வந்து மண்டியிட்டார்.

"பிரபுவே, விரல் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. தெரியாது என்று நான் முதல் நாளே சொன்னேன். தெரியும் என்றவர்கள் இந்த மூவர். இவர்களே சொல்லட்டும். படத்தில் இருப்பது கவிஞர் முகமா, இல்லையா?"

இல்லை என்றால், அன்றைக்குச் சொன்னது பொய். மூன்று கட்டைவிரல்கள் போகும். ஆமாம் என்றால், கோன்ஸோ சொந்தக்காரர். பண்டிதர்கள் தங்கள் விரலைப் பார்த்தார்கள், கோன்ஸோவைப் பார்த்தார்கள். மறுபடி விரலைப் பார்த்தார்கள்.

"கவிஞர் முகம்தான்," என்றார் பெரியவர். "இவர் எங்களுக்கு... மூக்கு வழியில் தூரத்து உறவு."

"காது வழியில் எனக்கும்," என்றார் நடுப் பண்டிதர்.

"மரு வழியில்," என்று முனகினார் சின்னவர்.

கோன்ஸோ கூடையைத் தொப்பென்று வைத்தார். "அட அண்ணன்மாரே! போன வாரம்கூட நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனீங்களே, சொந்தக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பெரியவரின் பட்டுச்சட்டைக் கையில் தன் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

மீன்காரரை மூன்று முறை கும்பிட்டோம் என்று ஒப்புக்கொள்ளப் பிரபுவுக்கும் மனமில்லை. "உறவுதான், சந்தேகமே இல்லை," என்று உரக்கச் சொல்லிவிட்டார். கனேயோஷியின் விரல் கையிலேயே இருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்து கோன்ஸோ சுவரைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். சந்தைக்குப் போய், அவர்களும் பண்டிதர்களுக்கு உறவு என்று சொன்னார்.

மறுநாள் காலையில் பண்டிதர்கள் வாசலில் முப்பத்தைந்து உறவினர்கள் மூட்டையோடு நின்றார்கள். அவர்களில் ஒரு சலவைக்காரப் பெண் மட்டும் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பேரழகி என்று பெயர் வாங்கிய பெண் கவிஞரின் முகத்தை வரைய ஓவியர்கள் துணிய மாட்டார்கள், முதுகைத்தான் வரைவார்கள். கனேயோஷி வரைந்த இவள் முதுகையும் பண்டிதர்கள் பரம்பரை முதுகு என்று சொல்லியிருந்தார்கள்.

கோன்ஸோவோடு முப்பத்தாறு. பிரபு மூன்றால் வகுத்தார். வீட்டுக்குப் பன்னிரண்டு பேர், மீதி இல்லை.

ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஒரு நாள் வெட்கத்தோடு போகும்; தெரியும் என்று சாதித்தால் அந்தப் பொய்க்கு ஆயுசு முழுக்கச் சோறு போட வேண்டும்.