கள்ளியைக் காட்டிக்கொடுத்த தலை

செடிகொடிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரியில் ஒரு கள்ளி நின்றாள். இப்போது நாம் பார்க்கிற கள்ளி இல்லை. முள் கிடையாது, பால் கிடையாது. வழவழவென்று பச்சை உடம்பு, உள்ளே இளநீர் மாதிரித் தித்திப்பான தண்ணீர். வெளியே பார்த்தால் அவளும் பக்கத்தில் நின்ற பத்துச் செடியும் ஒரே சாயல். அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்தாள்.

அதே தேரியில் ஓர் ஓணான் இருந்தான். அவனுக்குத் தெரியாத செடியே இல்லை. எந்தக் கற்றாழை தீப்புண்ணுக்கு ஆகும், எந்தப் பிரண்டை துவையலுக்கு ஆகும், எதைத் தொட்டால் அரிக்கும், எல்லாம் அத்துப்படி. வழிப்போக்கர்கள் அவனைக் கேட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். "அண்ணாச்சிக்குத் தெரியாதது உண்டா?" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குப் பசியே எடுக்காது. எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது.

ஒரு மத்தியானம் பருந்து விரட்டியபோது, கள்ளிதான் அவனைத் தன் கிளைகளுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். பிறகு அங்கேயே குடியிருந்துவிட்டான். கள்ளியின் காலடியில் முளைத்த ஏழு கன்றுகளும் அவனை மாமா என்றுதான் கூப்பிட்டன.

அப்புறம் மழை நின்றுபோனது. மூன்று வருஷம் ஒரு சொட்டு இல்லை. கள்ளி தன் உடம்புத் தண்ணீரை வேர் வழியாகக் கன்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன்," என்றாள். "எந்தச் செடியில தண்ணி இருக்குன்னு மனுசங்க கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரு. இருக்கிற தண்ணி என் பிள்ளைகளுக்கே சரியாப் போகும்."

"என் வாயால சொல்ல மாட்டேன் தங்கச்சி. சத்தியம்," என்றான் ஓணான்.

நாலு நாள் கழித்து மாசானம் வந்தான். தேரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், மாடு மேய்க்கிறவன். தாகம்தான், ஆனால் சாகிற தாகம் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் ஊர்க் கிணற்றில் கலங்கலாகவாவது தண்ணீர் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல எந்தச் செடியில தண்ணி இருக்கு?"

ஓணான் வாயை இறுக மூடிக்கொண்டான்.

மாசானம் தலையில் அடித்துக்கொண்டான். "இவருகிட்டப் போய்க் கேட்டேன் பாரு! ஊர்ல சும்மாவா சொல்லுதாங்க, அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, இப்பல்லாம் ஒண்ணும் தெரியலன்னு."

தெரியாது. நாலே எழுத்து. சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாமல் சும்மா கிடந்திருந்தால்கூட அவன் போயிருப்பான். மாசானம் போகிற போக்கில் கள்ளியைத் தட்டி, "இதுவா இருக்குமோ? இருக்காது," என்றான்.

ஓணானுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்காமல், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். ஒரே ஒரு தடவை.

மாசானம் அரிவாளால் ஒரு கிளையை வெட்டி வயிறு முட்டக் குடித்தான். அத்தோடு விட்டிருந்தால் கள்ளி பொறுத்திருப்பாள். சாயங்காலம் ஊரே குடத்தோடு வந்தது. அவளை அடியோடு வெட்டிப் பிழிந்தார்கள். "குட்டிகள்லயும் தண்ணி இருக்கும்," என்றாள் ஒருத்தி. அவற்றையும் பிடுங்கினார்கள். போகும்போது எல்லாரும் ஓணானைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவனும் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டான், பாவி.

அறுபட்ட அடிக்கட்டையாகக் கிடந்த கள்ளி, "அண்ணே, நீ சொன்னியா?" என்று கேட்டாள்.

"சத்தியமா நான் வாயைத் திறக்கல தங்கச்சி."

"ஆமா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மணலுக்குள் புதைந்து கிடந்ததால் ஒரு கன்று மட்டும் தப்பியிருந்தது. வேரில் மிச்சமிருந்ததை அதற்கு விட்டுவிட்டுச் செத்துப்போனாள். அந்தத் தண்ணீரில் தித்திப்பு இல்லை. வெள்ளையாக, கசப்பாக, எரிச்சலாக இறங்கியது.

விடிந்தபோது கன்றின் உடம்பெல்லாம் முள். மணல் கீறிய இடத்தில் பால் வடிந்தது. கண்ணில் பட்டால் கண் போகிற பால்.

"மாமா," என்றது அது. "எங்க அம்மாவை யாரு காட்டிக்கொடுத்தா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியாது," என்றான் ஓணான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னான். ஆனால் அவன் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

கன்று அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் கள்ளியை வெட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுகிறார்கள். அன்று முதல்தான் ஓணான், வேறு போக்கிடம் இல்லாமல் அதே கள்ளியின் முள்ளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரும் எதுவும் கேட்காமலே தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.