நூற்றுக்கு அறுபத்து மூன்று

செவ்வந்தியப்பன் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. ஆதாரத்தைக் கண்ணு முன்னாடி வெச்சாலும் நம்ப மாட்டேங்கிறவங்ககிட்ட எப்படிப் பேசுறது?"

குழலி டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"உக்காருங்கண்ணே."

செவ்வந்தியப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். பட்டிமன்றத்தில் பேச ஆசைப்பட்டு, தன்னைவிட எட்டு வயது இளைய டீச்சரிடம் வந்து சேர்ந்தவர். டீச்சர் நடுவர். திருச்சியைச் சுற்றி நாற்பது மைலுக்கு அவர் தீர்ப்புச் சொல்லாத கோயில் மேடை இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் செவ்வந்தியப்பனும் பெயர் வாங்கிவிட்டார். "ஆதாரத்தோடு பேசுபவர்" என்று நோட்டீஸில் போடுகிறார்கள். அதை அவரே முதலில் நம்பினார் என்பதுதான் வினை.

"யாரு நம்ப மாட்டேங்கிறது?" என்றார் டீச்சர்.

"எங்க தெரு பர்வீன். மருந்துக்கடை வெச்சிருக்குல்ல, அந்தம்மா. வாட்ஸ்அப் குரூப்ல நூத்தி நாப்பது பேரு இருக்கோம், அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்க. அது மட்டும் 'யாரு சொன்னது, எங்க சொன்னது'ன்னு என்னையவே கேள்வி கேக்குது."

"எதை?"

"மாவுக்கடை விஷயம்."

தெருச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் உண்டு. அதன் முன்னறையில் தங்கப்பொண்ணு எட்டு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். புருஷன் கிரைண்டரைப் பார்த்துக்கொள்வான், இவள் பாக்கெட் போடுவாள். போன வாரம் செவ்வந்தியப்பனின் பேத்திக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு முந்தின நாள் சாப்பிட்டது அந்தக் கடை மாவில் ஊற்றிய இட்லி. குழந்தை அன்றைக்கே தெருவில் ஐஸ் வாங்கித் தின்றது, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கேக் தின்றது. தாத்தாவுக்கு இட்லிதான் ஞாபகம் இருந்தது.

"புளிக்காம இருக்க சுண்ணாம்பு கலக்குறாங்க டீச்சர். நான் சும்மா சொல்லல. அஞ்சு லிங்க் போட்டேன். அஞ்சும் ஒரே மாதிரி சொல்லுது. நூறு கடை மாவு எடுத்துப் பாத்ததுல அறுபத்து மூணுல சுண்ணாம்பு! இதுக்கு மேல என்ன வேணும்?"

"பர்வீன் என்ன சொல்றாங்க?"

"கடை மாவுல கொஞ்சம் எடுத்து லேப்ல குடுப்போங்குது. இத்தனை ஆதாரம் இருக்கும்போது லேப் எதுக்கு? அது அந்தக் கடையில தினம் மாவு வாங்குற ஆளு. சாதகமாத்தான் பேசும்."

"நேத்து கடையில யாவாரம் எப்படி?"

"யாரு வாங்குவா? ரெண்டு டிரம் மாவைச் சாக்கடையில ஊத்துனாங்களாம்." அவர் குரலில் ஒரு நிறைவு இருந்தது. "இன்னிக்கி அஞ்சு மணிக்குச் சங்கத்துல கூட்டம். காலி பண்ணச் சொல்லித் தீர்மானம். நான்தான் பேசுறேன். அந்தப் பர்வீன் வாயை அடைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க."

டீச்சர் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் சொன்னார்.

"அண்ணே, ஒரு பேச்சாளர் வரல. நீங்க எதிரணி."

செவ்வந்தியப்பன் நிமிர்ந்தார். இது அந்தத் தொழிலில் நடக்கிற ஒன்று. கார் கெட்டுப் போயிற்று, தொண்டை கட்டிக்கொண்டது என்று கடைசி நேரத்தில் ஒருவர் வரமாட்டார். நடுவர் கை காட்டுகிற பக்கம் போய் உட்கார வேண்டும். நேற்று மாமியார் கட்சி பேசியவர் இன்று மருமகள் கட்சி பேசுவார். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"இப்பவா?"

"இப்பத்தான். அந்த அஞ்சும் உங்க எதிராளி கொண்டாந்தது. கிழிங்க."

முதலில் சிரித்தார். பிறகு, பழக்க தோஷம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார்.

எதிரணியில் உட்கார்ந்ததும் மனிதருக்கு எங்கிருந்துதான் அறிவு வருமோ! கையில் பட்ட ஒரு கட்டுரையில் இரண்டே வரி படித்தார்.

"ஆய்வுங்குறான். யாரு பண்ணது? பேரு இல்ல. எந்த ஊரு மாவு? ஊரும் இல்ல."

"அப்புறம்?"

"போட்டோவுல இருக்கிறது இட்லி மாவே இல்ல டீச்சர். சுவத்துக்குப் பூசுறானே, அந்தப் பட்டி." உற்சாகம் ஏறிவிட்டது. "இந்தா, அடியில பாருங்க. 'சுத்தமான உடனடி இட்லிப் பொடி, இன்றே வாங்குங்கள்.' பொடி விக்கிறவன் அரைச்ச மாவை நல்லதுன்னா சொல்லுவான்?"

"பர்வீன் சாதகமாப் பேசுவாங்கன்னு கண்டுபிடிச்சீங்க. இவனை எப்படி விட்டீங்க?"

செவ்வந்தியப்பன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"என்ன போட்டுத் தேடுனீங்க?"

"'கடை மாவு சுண்ணாம்பு ஆபத்து'ன்னு."

"ஆபத்துன்னு நீங்களே போட்டுட்டீங்க. அது வேற எதைத் தரும்?"

"சரி டீச்சர், ஒண்ணு பொய்யின்னே வெச்சுக்குவோம். அஞ்சு பேரு சொல்றானே?"

டீச்சர் திருத்திய தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"பஸ்ல ஒருத்தன் டிக்கெட்டைக் காட்டுனா முதல்ல எதைப் பாப்பீங்க?"

"தேதி."

"எழுதுங்க."

எழுதினார். தேதி வரிசையில் ஐந்தாவது போன வாரம் வந்தது. அது நாலாவதைப் பார்த்து எழுதியது. 'பிரபல இணையதளம் ஒன்றில் வெளியான தகவலின்படி' என்று அதிலேயே இருந்தது. நாலாவது மூன்றாவதைச் சொன்னது. மூன்றாவது ஒரு வீடியோ. ஒரு பெண் இரண்டாவது கட்டுரையை வரி பிசகாமல் படித்து, நடுவில் அச்சமூட்டும் இசை போட்டிருந்தாள். இரண்டாவது முதலாவதிலிருந்து எடுத்தது. ஒருவரும் ஒரு கரண்டி மாவைக்கூடத் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐந்து பேர் இல்லை, ஒருவன்தான். மற்ற நாலு பேரும் அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னவர்கள்.

"முதல் ஆளு எவன்னு பாருங்க," என்றார் டீச்சர்.

செவ்வந்தியப்பன் படித்தார். "'திருச்சி அருகே கோயில் திருவிழாவில் நடைபெற்ற நிகழ்ச்சியில், நிபுணர் ஒருவர் இந்த அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார்.' கோயில் திருவிழாவுல நிபுணருக்கு என்ன டீச்சர் வேலை? அங்க வர்றது நாமதான்..."

அவர் பேச்சு அங்கேயே நின்றது.

"தேதி?" என்றார் டீச்சர்.

மெல்லச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம்.

டீச்சர் அலமாரியைத் திறந்தார். நடுவர் நோட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேடையிலும் யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டால்தான் கடைசியில் தீர்ப்புச் சொல்ல முடியும். ஒரு நோட்டை எடுத்து, பக்கம் தேடி, அவர் முன்னால் விரித்து வைத்தார்.

தலைப்பு: குடும்ப ஆரோக்கியம் பெரிதும் காக்கப்படுவது வீட்டுச் சமையலாலா, கடைச் சாப்பாட்டாலா? வீட்டுச் சமையல் அணி, இரண்டாம் பேச்சாளர், செவ்வந்தியப்பன். அதன் கீழே நாலாவது குறிப்பு: 'கடை மாவு. ஆய்வு. நூற்றுக்கு அறுபத்து மூன்றில் சுண்ணாம்பு. பலத்த கைதட்டல்.'

செவ்வந்தியப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கி எங்கேருந்து எடுத்தீங்கண்ணே?"

"எங்கேருந்தும் இல்ல டீச்சர். மேடையில... வந்துருச்சு."

"வந்துருச்சா?"

"எதிரணி ஆளு நல்லாப் பேசிட்டாரு. கூட்டம் அவரு பக்கம் சாயுது. ஏதாவது சொல்லணும். சொல்லிட்டேன். வருஷத்துக்கு அறுபது மேடை, மறந்தே போச்சு. பேத்திக்கு முடியாமப் போனப்ப, சுண்ணாம்புன்னு எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்துச்சு. தேடுனேன். இருந்துச்சு."

"அது ஏன் அறுபத்து மூணு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லக் கூசினார்.

"நீங்க சொன்னதுதான் டீச்சர். 'அறுபதுன்னா குத்துமதிப்புன்னு நெனைப்பாங்க. அறுபத்து மூணுன்னு சொல்லுங்க, எண்ணிப் பாத்த மாதிரி இருக்கும்'னு. நான் வந்து சேந்த முதல் வாரத்துல."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு அப்படிக் கோபம் வந்து செவ்வந்தியப்பன் பார்த்ததில்லை. அந்தக் கோபம் யார் மேல் என்று அவருக்குப் புரியவும் இல்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றார். "இந்த வாயாலதான் சொன்னேன்."

நோட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரியை விரலால் காட்டினார். 'தீர்ப்பு: வீட்டுச் சமையலே. காரணம்: ஆதாரத்தோடு பேசிய அணி.' டீச்சரின் கையெழுத்து.

"அழிச்சிடவா?" என்றார் செவ்வந்தியப்பன், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

"கையை எடுங்க!"

எடுத்துவிட்டார்.

போனை எடுத்து, "குரூப்ல ஒரு மறுப்புப் போட்டுடறேன்," என்று தட்ட ஆரம்பித்தார். முடித்ததும் வாசித்துக் காட்டினார். "'மேற்படி தகவல் குறித்துச் சில ஐயங்கள் எழுந்துள்ளதால்...'"

"யாரு எழுப்புனது?"

"ம்?"

"ஐயம் தானா எழுந்துக்கிச்சா? படுத்திருந்துச்சா இவ்வளவு நாளா? ஒரு பொம்பளை ரெண்டு டிரம் மாவைச் சாக்கடையில ஊத்தியிருக்கா. ஊற வெச்சு, அரைச்சு, தன் கையாலேயே தூக்கி ஊத்தியிருக்கா. அவளைக் கெடுத்தப்ப 'நான் சொல்றேன், கேளுங்க'ன்னு எழுதுனீங்க. இப்ப மட்டும் எழுதுற ஆளைக் காணோம்!"

"இருபது வருஷம் உழைச்சு வாங்குன பேரு போயிடுமே டீச்சர்..."

"பன்னெண்டு."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு எண்ணைச் சும்மா கூட்டிச் சொல்வது அவருக்கு அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

எழுதியதை அழித்தார். புதிதாக எழுதினார். இந்த முறை வாசித்துக் காட்டவில்லை, நீட்டினார். 'அறுபத்து மூன்று என்பது நான் மூன்று வருடத்துக்கு முன் மேடையில் கைதட்டலுக்காகக் கட்டிய பொய். அதைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். தங்கப்பொண்ணு கடை மாவை யாரும் சோதித்ததில்லை. செவ்வந்தியப்பன்.'

டீச்சர் தலையசைத்தார். அவர் அனுப்பினார்.

உடனே போன் அதிர ஆரம்பித்தது. அவர் ஆவலாகப் பார்த்தார். போகப் போக அவர் முகம் சுண்டியது.

"என்னண்ணே?"

"நம்ப மாட்டேங்கிறாங்க டீச்சர்."

"என்ன சொல்றாங்க?"

"'உங்க போனை யாராவது எடுத்து விளையாடுறாங்களா'ன்னு ஒருத்தர். 'கடைக்காரம்மா வந்து அழுதுச்சா'ன்னு ஒருத்தர். 'பொய்யின்னு சொல்றதுக்கு ஆதாரம் என்ன'ன்னு சங்கத்துச் செயலாளரே கேக்குறாரு." போனை டீச்சர் பக்கம் திருப்பினார். "நான் போட்ட அதே அஞ்சு லிங்கையும் எனக்கே திருப்பி அனுப்பி, 'இதைப் படிச்சுட்டுப் பேசுங்க'ங்கிறாங்க. இது என்ன டீச்சர் அநியாயம்! சொன்னவன் நான். பொய்யின்னு நானே சொல்றேன். இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

டீச்சர் தாள்களை அடுக்கி, நோட்டை எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

"அஞ்சு மணிக்குத்தானே கூட்டம்?" என்றார். "அதுக்கு முன்னாடி மாவுக்கடைக்குப் போவோம். அந்தம்மாகிட்ட முதல்ல சொல்லணும்."

செவ்வந்தியப்பன் எழுந்திருக்கவில்லை.

"போறேன் டீச்சர். கடையிலயும் சொல்றேன், கூட்டத்துலயும் சொல்றேன். ஆனா நூத்தி நாப்பது பேரும் ஆதாரத்தைக் காட்டு, காட்டுன்னு நிப்பாங்களே. அவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?"

"உங்க மூஞ்சியைக் காட்டுங்க," என்றார் டீச்சர். "பக்கத்துல நான் என்னோடதைக் காட்டுறேன்."